வீட்டுக்குள் வந்த எண்ணெய்ப் பீப்பாய்

ஸனோபருக்குக் குரல் சின்னது. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கம்பளத் தறியில் உட்கார்ந்தவள். அங்கே பேச ஆளில்லை. பார்க்க மட்டும்தான் வேலை. ஆயிரம் முடிச்சில் ஒன்று பிசகினாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். அதை வாய்திறந்து சொல்வதற்குள் மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

கல்யாணமாகி ஹமதான் நகரத்துக்கு வந்தாள். கணவன் யதுல்லா போர்முனைக்குப் போனதும், கைக்குழந்தையோடு அவனுடைய அண்ணன் கொத்ரத் வீட்டில் ஒண்டிக்கொண்டாள். கொத்ரத்தின் மனைவி தூபா வாயாடி, ஆனால் மனசு பெரிது. தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து ஸனோபர் முன்னால் போட்டு, "தின்னுடி. உன்னைப் பட்டினி போட்டேன்னு உன் புருஷன் வந்து என்னைச் சுடப்போறான்" என்பாள்.

வீட்டில் ஒரே ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு. அதற்கான எண்ணெய், முற்றத்துச் சுவரோரம் இரும்புக் கால்கள் மேல் நின்ற பீப்பாயிலிருந்து செம்புக் குழாய் வழியாகச் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். யதுல்லா போவதற்கு முன் பொருத்திவிட்டுப் போனது.

அந்தக் குளிர்காலத்தில் மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான். ஒருநாள் காலையில் பீப்பாயைத் தட்டிப் பார்த்தால் வெறும் தகரச் சத்தம். இரவோடு இரவாக யாரோ குழாய்த் திருகைத் திறந்து எண்ணெயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"சுவரேறி வந்திருக்கான் பொறுக்கி. இனி என் தலைமாட்டுலதான் இருக்கணும் இது" என்று கொத்ரத் பீப்பாயைப் பிடுங்கி வீட்டுக்குள் நடைவழியில் கொண்டுவந்து நிறுத்தினான். பிடுங்கியதில் செம்புக் குழாய் மடங்கி விண்டுபோயிற்று. கடைகளில் புதுக் குழாய் இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை ஒரு முழம் வெட்டி, இரண்டு முனையிலும் கம்பி சுற்றி முறுக்கிவிட்டான்.

தரையைத் துடைக்கும்போதெல்லாம் ஸனோபர் அந்த ரப்பரைத் தொட்டுப் பார்ப்பாள். முதலில் விறைப்பாக இருந்தது. போகப்போக ஊறிப் பருத்து, விரல் பட்டால் அமுங்கியது. கம்பிக்குக் கீழே எப்போதும் ஒரு பளபளப்பு.

கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த தூபாவிடம் சொன்னாள்.

"அக்கா, அந்த ரப்பர் இளகுது. எண்ணெய் அதைத் தின்னுடும்போல இருக்கு. பீப்பாயை வெளியவே வெச்சிடலாம்."

"வெளிய வெச்சா திருடன் தின்னுடுவான். ரப்பர் தின்னட்டும், பரவால்ல." தூபா சிரித்தாள். "உன் புருஷன் வந்து தனி வீடு கட்டட்டும். அங்க பீப்பாயைக் கூரை மேல ஏத்தி ராணியாட்டம் உக்காரு."

கொத்ரத்திடமே சொல்லிவிடுவதென்று தேநீரோடு போய் நின்றாள். "என்ன?" என்று அவன் நிமிர்ந்தான்.

"சர்க்கரைக் கட்டி இன்னும் ரெண்டு வேணுமா?" என்றாள்.

அதன்பின் வெளியே கிளம்பும்போதெல்லாம் பீப்பாயின் திருகை அடைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்தால் தூபாவின் வசவு காத்திருக்கும். "எங்களை உறைய வெச்சுக் கொல்லப் பாக்கறியாடி?"

எண்ணெய் வரிசைக்குப் போகவேண்டிய நாள். குழந்தையை, மேலே போர்த்தும் சாதருக்குள் கட்டிக்கொண்டாள்.

"கொட்டுற பனியில பிள்ளையை எங்கடி தூக்கிட்டுப் போற? நான் பாத்துக்க மாட்டேனா?"

"அழுவான் அக்கா."

"என் மூஞ்சியைப் பாத்தா?" தூபாவின் முகம் சுருங்கியது. அவளுக்குப் பிள்ளையில்லை. ஸனோபருக்குக் கால் தயங்கியது. ஆனாலும் பிள்ளையை இறக்காமல், திருகை அடைத்துவிட்டுப் போனாள்.

வரிசை பாதிகூட நகரவில்லை. அடுத்த வீட்டுக்காரி தலைத்துணி நழுவ ஓடிவந்தாள். குளிர் பொறுக்காமல் தூபா திருகைத் திறந்து கணப்பை மூட்டியிருக்கிறாள். ரப்பர் எப்போது கழன்றதோ, எண்ணெய் விரிப்புக்கு அடியிலேயே ஓடிக் கணப்பைத் தொட்டுவிட்டது. தீயை அமுக்க அவள் மெத்தையைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். அதுவும் எண்ணெயைக் குடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் தூபா ஒரு வாரம் கிடந்தாள். முகத்தில் கட்டு, உதட்டில் கட்டு. அத்தனை பேசியவள் ஒரு சொல் பேசவில்லை. பேசாமலே போனாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள், வழக்கப்படி கொடுத்த துக்க அல்வாவைத் தின்றுவிட்டுப் போனபின், கருகிய சுவரைப் பார்த்தபடி கொத்ரத் கேட்டான்.

"நீ தினம் அந்த ரப்பரைத் தொட்டுத் தொட்டுப் பாத்ததை நானும் பாத்தேன். உனக்குத் தெரிஞ்சிருக்கு. பிள்ளையை மட்டும் தூக்கிட்டுப் போயிட்ட. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சொன்னேன், அக்காவிடம் சொன்னேன் என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், கேட்காமல் சிரித்தவள் தூபா என்றாகும். செத்தவள் எழுந்துவந்து பதில் சொல்லப்போவதில்லை. ஸனோபர் அதை விழுங்கிக்கொண்டாள். அவன் கண்ணுக்கு அவள் பிள்ளையோடு தப்பித்தவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

"பீப்பாயை வெளிய வைங்க" என்றாள். கொத்ரத் திரும்பிப் பார்த்தான். அந்தக் குரலில் அவள் பேசி அவன் கேட்டதில்லை. "ஜன்னலுக்கும் வாசலுக்கும் தள்ளி வைங்க. கால் ஆடாம கல்லு மேல நிக்கணும். திருகுக்குத் தகரப் பெட்டி அடிச்சுப் பூட்டு போடுங்க, திருடன் கை வைக்கமாட்டான். ரப்பர் வேணாம். ஒரே குழாயா, நடுவுல ஒட்டு இல்லாத செம்பு. கிடைக்கிற வரைக்கும் கணப்பு வேணாம்."

"குளிருமே. பிள்ளை இருக்கான்."

"குளிரட்டும்."

எங்கெங்கோ அலைந்து குழாய் கிடைக்கப் பனிக்காலம் பாதி போயிற்று. சுவர்த் துளையில் இரும்புக் குழல் செருகி அதன் வழியே செம்பை இழுத்தார்கள். கணப்புக்குப் பக்கத்தில் இன்னொரு திருகு வைக்கச் சொன்னாள். முதலில் கொஞ்சம் எண்ணெய் மட்டும் விட்டு, குழாயும் திருகும் சேரும் இடங்களுக்கு அடியில் காய்ந்த காகிதம் வைத்து, சாயங்காலம் வரை ஸனோபர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கறை விழவில்லை.

பிறகு கொத்ரத் கணப்பை மூட்டினான். அறை மெல்லச் சூடாயிற்று. அவன் ஒரு சுவரோரம், அவள் பிள்ளையோடு எதிர்ச் சுவரோரம். கணப்புக்குக் கிட்டே போய் யாரும் உட்காரவில்லை.