கூட்டமே கூடப் பாடிய ராப்

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வேலையை விடும் யோசனை வந்துவிட்டது. காரணம், நான் ஒரு ராப்பர். அது எனக்கும் என் செல்போனுக்கும் மட்டுமே தெரியும்.

என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊரே அப்படித்தான் இருந்தது. கெலமங்கலத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் கையை ஆட்டி ஆட்டி எதையோ முணுமுணுத்துக்கொண்டு வருவார்கள். கேன்டீனில் பரிமாறுகிறவர்கூட "சாம்பாரா, ரசமா, காரமா, மோரா" என்று தாளத்தோடுதான் கேட்பார்.

கம்பெனியின் பாதுகாப்பு வார விழாவில் பாட நானே பேர் கொடுத்தேன், எனக்கும் மேடை கொடுத்தார்கள். கூட்டத்துக்குப் பிடித்துவிட்டால் மறுநாளே ராஜினாமா என்று மனதுக்குள் சபதம் செய்துகொண்டு ஏறினேன். ஹெல்மெட் போடாமல் சாக்குப்போக்குச் சொல்கிறவர்களைப் பற்றிய பாட்டு.

"தலை கனக்குதா? சாக்கு. கை வேர்க்குதா? சாக்கு. கண்ணாடி எங்க? வீட்டுல. அதுவும் சாக்கு."

இரண்டாவது சுற்றிலேயே பின்வரிசையில் ஒருவர் எழுந்து "சாக்கு" என்றார். அப்புறம் அந்த வரிசையே எழுந்து, கையை உயர்த்தி "சாக்கு, சாக்கு" என்று கத்தியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. முடிந்த பாட்டை மறுபடி மறுபடி பாடினேன். மைக்கை அணைத்தார்கள். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து வெறும் தொண்டையில் பாடினேன்.

இறங்கியதும் நேராக எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜிடம் போனேன். அவர் தேன்கனிக்கோட்டைக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்.

"சார், நான் வேலைய விட்டுரலாம்னு இருக்கேன். கூட்டம் கூடவே பாடுனதக் கேட்டீங்கள்ல?"

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "ஏம்பா, உனக்குக் கன்னடம் தெரியுமா?"

"'ஊட்டா ஆய்த்தா', சாப்டாச்சாங்கறது மட்டும் தெரியும் சார்."

"கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம்."

ஆனாலும் ஆசை விடவில்லை.

"அப்ப கன்னடக்காரங்களுக்குத்தான சார் பிடிக்கல? நம்ம தமிழ் ஆளுக நெறையப் பேர் இருந்தாங்களே."

"அவங்க போதும் போதும்னுதான் கத்திகினு இருந்தாங்க. தெலுங்குக்காரங்க சாலு சாலுன்னாங்க. கன்னடக்காரங்க சத்தம் பெருசு, அதான் உனக்கு அது மட்டும் கேட்டுது."

வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. அவர் டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

"எப்ப விடற வேலைய?"

"நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட்டா சார்?" என்று கேட்டேன்.