காக்கை அடைந்தபின் வந்த சிங்கி இறால்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை நான்கு மணி ஐம்பது நிமிடம். மூடுபனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. காற்று இல்லை. மிளகுக்கொடியிலிருந்து சொட்டிய நீர் மட்டும் தகரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஏற்காட்டு மலைமேல் மஞ்சக்குட்டையில் எங்கள் வீட்டு முன்னால் ஜீப்புக்காக நானும் என் மனைவியும் நின்றோம். பைகள் இரண்டு. ஈரத்துணியில் சுருட்டிய வாழை இலைகள் ஐந்து. மூன்று இலை போதும். கிழிந்தால் மாற்றுவதற்கு இரண்டு.

அன்று என் தம்பி இறந்து மூன்றாம் வருடம். அவனுக்குப் படையல் போடுவதற்காகக் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு இரவு தங்கப் போய்க்கொண்டிருந்தோம்.

நான் காப்பி எஸ்டேட்டில் முப்பத்து நான்கு வருடம் ரைட்டராக இருந்தவன். காலையில் ஆள் எண்ணுவேன், மாலையில் பழ மூட்டை எண்ணுவேன். ஓய்வு பெற்றுப் பதிமூன்று வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. தம்பி போனபிறகு அதில் ஒரு கோளாறு சேர்ந்துகொண்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாலையில் கதவு சாத்துவதற்கு முன் எண்ணினால் மூன்று என்று வருகிறது. அடுப்படியில் அவள் ஒன்று, நான் இரண்டு. மூன்றாவது ஆள் கை கழுவப் பின்பக்கம் போயிருப்பதுபோல் இருக்கும். கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். ஏன் நிற்கிறேன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கும் அதே கணக்கு வந்ததோ என்னவோ.

தம்பி கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் சமையல் வேலை, எங்களோடுதான் இருந்தான். கடைசி இரண்டு வருடம் மாமல்லபுரம் பக்கம் ஒரு லாட்ஜுக்கு மாறிப் போனான். அங்கே ஒருநாள் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்தொன்று.

எங்கள் பக்கத்தில், செத்தவருக்கு எது பிடிக்குமோ அதை ஆக்கி இலையில் வைப்போம். காக்கை வந்து முதல் வாய் எடுக்க வேண்டும். அதன்பிறகுதான் வீட்டார் சாப்பிடலாம். பதினாறாம் நாள் வைத்தோம். ஒன்பது காக்கைகள் சில்வர் ஓக் மரத்தில் உட்கார்ந்திருந்தன, ஒன்றும் இறங்கவில்லை. முதல் வருடம் ஆறு வந்தன, இறங்கவில்லை. இரண்டாம் வருடம் ஒன்றே ஒன்று இறங்கி, இலை ஓரத்தில் நடந்து, கோழிக்குழம்பைத் தலை சாய்த்துப் பார்த்தது. பார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று. மூன்று முறையும் மதியம் மூன்று மணி வரை நாங்கள் பட்டினி.

அந்த இரண்டாம் வருடம்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"என்ர கையால ஆக்குனா அவரு வாங்க மாட்டாருங்க."

அதற்குக் காரணம் இருந்தது. தம்பி வீட்டை விட்டுப் போவதற்கு மூன்று நாள் முன்னால் அவள் மீன் குழம்பு வைத்திருந்தாள். அன்று காலையிலிருந்து பழம் பறித்துவிட்டு வந்தவள். அவன் ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதுல மீனு இருக்குதுங்களா, இல்ல குளிச்சிப்போட்டுப் போயிருச்சுங்களா?" என்றான். எப்போதும் பேசுகிற கேலிதான். அன்று அவளுக்குத் தாங்கவில்லை. "இந்தக் கைச்சோறு புடிக்கலீன்னா, புடிச்ச எடத்துல போயித் தின்னுக்கங்க" என்றாள். அவன் போனது சம்பளம் கூடுதல் என்பதற்காக. அது எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் சோற்றைப் பற்றிச் சொன்ன சொல்லை அவள் மறக்கவில்லை. அவன் கோபத்தோடு போனான், கோபத்தோடு செத்தான், அதனால்தான் காக்கை தொடவில்லை என்று அவளுக்குள் தீர்மானமாகிவிட்டது.

"அவருக்குச் சிங்கி இறாலுன்னா உசுருங்க. இந்த வருசம் கடலு இருக்கற ஊருக்கே போயி, வேற கையில ஆக்கி வெச்சுருவோம். முழுசா வேணும், தலையோட. அதுக்கும் காக்கா வரலீன்னா நான் இனி வெக்கலை."

இப்படித்தான் எழுபத்து மூன்று வயதில், கடலோரத்தில் ஒரு இரவும் நல்ல இறால் சாப்பாடும் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிற வேலை எனக்கு வந்தது.

பொங்கல் முடிந்த மறுநாள் ஆரம்பித்தேன். பதினேழு நாளில் பதினொரு இடத்துக்குப் போன் போட்டேன். புதுச்சேரியில் நான்கு. இரண்டில் இறாலைப் பாதியாகப் பிளந்து சீஸ் போட்டுச் சுடுவார்களாம்; முழுசாகக் கிடையாது. ஒன்றில் மாடியில் இலை வைக்க விடமாட்டார்கள். ஒன்றில் கடல் தெரியாது, சத்தம் கேட்கும் என்றார்கள். கடலூரில் இரண்டு, இரண்டிலும் இறால் வந்தால் உண்டு, வராவிட்டால் வஞ்சிரம். வஞ்சிரத்துக்காக ஒருவன் மலை இறங்குவானா? வேளாங்கண்ணியில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து விட்டேன். தரங்கம்பாடியில் மூன்று; அதில் ஒன்றில் தலையோடு முழு இறால் தருகிறோம், மாடியில் இலையும் வைக்கலாம் என்றார்கள்.

மாமல்லபுரத்துக்கு ஒரே ஒரு முறைதான் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். "சொல்லுங்கண்ணா" என்றது குரல். யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் போனை வைத்துவிட்டேன். அந்த எண்ணை யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. என் போனிலேயே இருந்தது. தம்பி வேலை பார்த்த லாட்ஜின் எண்.

"அவரு இருந்த ஊருக்கே போலாமுங்களே" என்றாள் மனைவி.

"அங்க கூட்டம்."

"வேளாங்கண்ணியும் கூட்டம்கறீங்க, அங்கயும் கூட்டம்கறீங்க. கூட்டமில்லாத கடலு எங்கீங்க இருக்குது?"

"தரங்கம்பாடியில."

அவள் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். பிறகு, "சரிங்க, எல்லாம் ஒரே தண்ணிதான்" என்றாள்.

எனக்கு மாமல்லபுரத்துக்குப் போகப் பயமாக இருந்ததன் காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். அவளுக்கு அப்போது தெரியாது.

2022 ஜனவரி 21 அன்று காலை பத்தே காலுக்குத் தம்பி போன் செய்தான். நான்கு நிமிடம் பேசினோம். "அண்ணா, மொதலாளி ஒரு நாளைக்கு ரூம்பு சும்மா தர்றேன்னுட்டாருங்க. ஒண்ணே கால் கிலோவுல சிங்கி இறாலு ஒண்ணு சொல்லி வெச்சிருக்கறேன். அண்ணியக் கூட்டிட்டு வாங்க. மீனுன்னா எப்படி இருக்கோணும்னு அண்ணிக்கு நான் காட்டறேன்" என்று சொல்லிச் சிரித்தான். நான் பஸ்ஸையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தேன். எங்கள் காப்பித் தோட்டத்துப் பழம் பறிப்பில் பதினெட்டு நாள் வேலை பாக்கி இருந்தது. "பறிப்பு முடியட்டும்டா, பார்க்கலாம்" என்றேன். அவளிடம் சொன்னால் உடனே புறப்படலாம் என்பாள், அதனால் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் அவன் இறந்தான். பறிப்பு முந்தின நாள்தான் முடிந்திருந்தது.

அன்று சொல்லாததை அப்புறம் எப்படிச் சொல்வது? அவள் தன் சோற்றுச் சொல்லை நினைத்து நினைத்து அழுத ஒவ்வொரு முறையும் வாய் வரைக்கும் வந்தது. மூன்று வருடத்தில் எத்தனை முறை என்று எண்ணவில்லை. நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

மலை இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவள் கண்ணை மூடியே இருந்தாள். சேலத்தில் ஏழு ஐந்து. சிதம்பரம் பஸ் நாற்பது நிமிடம் தாமதம். வழியில் ஒரு டயர் வேறு வெடித்து, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போயிற்று. மதியம் இரண்டரைக்குச் சேர வேண்டியவர்கள் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குத் தரங்கம்பாடியில் இறங்கினோம். அப்போதும் நான் கலங்கவில்லை. சூரியன் மறைய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தங்குமிடத்தின் மொட்டை மாடிச் சுவரில் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. பதினான்கு.

அவள் கடலைப் பார்க்கவில்லை. அவற்றைத்தான் பார்த்தாள். "நொம்ப இருக்குதுங்க" என்றாள் மெதுவாக.

கீழே போய் மேலாளரிடம், "இறாலைக் கொண்டு வந்துடலாமுங்க" என்றேன்.

அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "டின்னர்தானே சார் சொன்னீங்க? ஏழு மணிக்குத்தான் அடுப்பே பத்த வைப்போம். சமையல்காரர் ஆறரைக்குத்தான் வருவார்."

போனில் எடை கேட்டேன், தலை இருக்குமா என்று கேட்டேன், மாடியில் எத்தனை படி என்றுகூடக் கேட்டேன். எத்தனை மணிக்குத் தருவீர்கள் என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் படையல் என்றால் நண்பகல். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டு, காக்கையை நம்பி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வந்திருக்கிறேன்.

"ஏழு மணின்னா அடைஞ்சிருமுங்களே!"

"யாரு சார்?"

"காக்கா."

"இறாலு காக்காவுக்கா?" அவர் கையிலிருந்த சீட்டைத் திரும்பப் பார்த்தார். "ரெண்டு பேருன்னுல்ல போட்டிருக்கு!"

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நல்ல மனிதர். சமையல்காரருக்கு மூன்று முறை போன் போட்டார். அவர் ஒரு கல்யாணத்தில் இருந்தார். கிளம்பிவிட்டேன் என்றார், மூன்று முறையும். நாளைக் காலையில் ஆக்கித் தரட்டுமா என்று மேலாளர் கேட்டார். நாள் தாண்டிப் போய்விடும் என்றேன்.

நான் மாடிக்கும் கீழுக்கும் ஐந்து முறை ஏறி இறங்கினேன். படி இருபத்திரண்டு. அவள் சுவரோரமாக மூன்று இலைகளையும் விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு பக்கமும் கல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பதினான்கு பதினொன்றாயிற்று. பிறகு ஆறு. வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு வந்ததும் ஆறும் ஒன்றாக எழுந்து, கோட்டைப் பக்கமிருந்த மரங்களுக்குப் போயின. ஆறு இருபத்திரண்டு.

இறால் ஏழு பத்துக்கு வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. முழுசு. தலையும் நீளமான மீசையும் ஒடியாமல், ஓடு செக்கச்செவேல் என்று, மிளகும் பூண்டும் மணக்க, ஒரு கிலோ நூறு கிராம். அவள் அதை இரண்டு கையாலும் எடுத்து நடு இலையில் வைத்தாள். சோறு வைத்தாள். தண்ணீர் சுற்றினாள். சுவரோரம் நின்று இருட்டைப் பார்த்து, "கா, கா" என்று கூப்பிட்டாள். எதிரே கடல் தெரியவில்லை. அலை வந்து கல்லில் விழுகிற சத்தம் மட்டும். பதினேழு முறை கூப்பிட்டாள். குரல் கம்மிப்போய் நிறுத்தினாள்.

எனக்குப் பின்னால் படியில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பவில்லை. திரும்பினால் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவன் நிற்பான் என்று தோன்றியது.

"வேற கையில ஆக்குனாலும் வரலீங்களே" என்றாள். "கதவு சாத்தற நேரத்துல வந்து நிக்கறாரு, பொழுதோட வந்து வாங்க மாட்டேங்கறாரு. செத்தும் மனசு ஆறலை. நாஞ் சொன்ன சொல்லுதானுங்க. வேறென்ன?"

"காக்கா அடைஞ்சு போச்சு. அது என் தப்பு."

"மூணு வருசமுமா அடைஞ்சு போச்சு?"

அதற்குப் பதில் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. நின்றுகொண்டே சொன்னேன். தேதி, மணி, நான்கு நிமிடம், ஒன்றே கால் கிலோ, சும்மா தருவதாகச் சொன்ன அறை, பறிப்பில் பாக்கி பதினெட்டு நாள். அவன் அண்ணியைக் கூட்டி வரச் சொன்னது. சிரித்தது. எந்தச் சொல்லையும் விடவில்லை, சேர்க்கவுமில்லை.

அவள் இலை நுனியில் விலகியிருந்த கல்லைத் திரும்ப நகர்த்தி வைத்தாள்.

"சிரிச்சாருங்களா?"

"சிரிச்சான்."

"மீனு எப்படி இருக்கோணும்னு அண்ணிக்குக் காட்டறேன்னாரா?"

"ஆமா."

"அதெ மூணு வருசமா உங்க வாயில அடச்சு வெச்சிருந்தீங்க. நான் தெனம் செத்துட்டிருந்தேன், நீங்க பாத்துட்டிருந்தீங்க."

அவள் முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்தாள். பிறகு செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். காக்கை தொடாத படையல் இலைக்கு முன்னால், தம்பியின் இலைக்கு முன்னால், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இறாலின் தலையைத் திருகி எடுத்தாள்.

"இந்தா, என்ன பண்ணற?"

"என்னெத்தானே சாப்பிடக் கூப்பிட்டாரு. வந்துட்டேன்."

ஓட்டை உடைத்து, சதையைப் பிய்த்து, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். கால்களை ஒவ்வொன்றாக உறிஞ்சினாள். நடுவில் ஒருமுறை, "நல்லாத்தான் இருக்குது" என்றாள், என்னிடம் சொல்லவில்லை. என் இலை காலியாக இருந்தது. ஒரு துண்டு வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"எனக்கு?"

"உங்களெ யாருங்க கூப்பிட்டா? பறிப்பு முடியட்டும்."

கீழே போய்த் தயிர்சாதம் சொன்னேன்.

மறுநாள் திரும்பும்போது பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால், டயருக்கு மேலே. எட்டு மணி நேரத்தில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை மூடாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

போகவர பஸ், ஜீப், அறை வாடகை, இறால், தயிர்சாதம், எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு ரூபாய்.