அம்மை குத்தியவரின் காட்சிசாலை

அறுபத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. 1936-ம் ஆண்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில், திருச்செங்கோடு தாலுகாவில் அம்மை குத்தும் உத்தியோகம் பார்த்த வெங்கடாசலம், தம் இருபத்திரண்டு வருஷ நோட்டுகளையும் கூட்டிப் பார்த்தார். வந்த தொகை இது. இத்தனை கைகளில் அவர் குத்தியிருந்தார். தானாக நீண்ட கை அதில் ஒன்றுகூட இல்லை.

குத்துகிற வேலை அரை நிமிஷம். அம்மைப்பாலைத் தடவி, வட்டமான சின்னக் கருவியை வைத்து நாலு இடத்தில் ஒவ்வொரு திருகு; ஆயுசுக்கும் நாலு தழும்பு. பிள்ளையைப் பிடிப்பதற்குத்தான் அரை நாள். பித்தளைப் பொத்தான் வைத்த அவருடைய காக்கிக் கோட்டு ஊர் எல்லையில் தெரிந்ததும் பிள்ளைகள் தானியக் குதிருக்குள்ளும் வைக்கோல் போருக்குள்ளும் மறைந்துவிடுவார்கள். எந்த வீட்டுக் குதிரில் எத்தனை பேர் ஒளிவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். கல்யாணப் பந்தியில் அந்தக் கோட்டோடு அவர் உட்கார்ந்தால், எதிர்வரிசைப் பிள்ளைகள் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து போய்விடும். ஒரு பிள்ளையாவது தம்மை நோக்கி நடந்து வர வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மாபேட்டையைச் சேர்ந்த டாக்டர் சண்முகவேல், நாலு நண்பர்களோடு சேர்ந்து ஒரு தருமக் காரியம் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோய் எப்படி வருகிறது என்று காட்டும் ஓர் ஆரோக்கியக் காட்சிசாலை. கட்டணம் கிடையாது. திருச்செங்கோட்டில் ஒரு பஞ்சு வியாபாரி தம் காலிக் கிடங்கை இனாமாக விட்டார். விட்டவர் ஒரு நிபந்தனையும் போட்டார்: பங்குனி முடிவதற்குள் ஒரே நாளில் நூறு பிள்ளைகள் வந்து நின்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் சித்திரை முதல் தேதி பஞ்சு மூட்டை உள்ளே வரும். விளக்கம் சொல்லும் ஆளாக டாக்டர் வெங்கடாசலத்தை நியமித்தார். நோய்களைப் பற்றித் தெரிந்தவர், சும்மாவும் இருக்கிறார் என்பது டாக்டரின் கணக்கு.

உருவங்களைச் செய்து கொடுத்தவர் குயவர் செல்லமுத்து. கோயிலில் வேண்டுதல் வைக்கிறவர்களுக்குக் காலும் கையும் கண்ணுமாக மண்ணில் உருவாரம் செய்து கொடுப்பதே அவர் தொழில். கால் நோவு தீர்ந்தால் மண்கால், கண் தெளிந்தால் மண்கண். ஆகவே நரம்புச் சிலந்திப் புழு தொங்கும் காலை அச்சு அசலாகச் செய்தார். கண்ணும் பல்லும் பிரமாதம். நுரையீரலை அவர் பார்த்ததில்லை. அது இரண்டு கத்திரிக்காய் மாதிரி வந்தது. கொசுவை ஆட்டுக்குட்டி உயரத்துக்குச் செய்து, தம் திருப்திக்காக அதன் கழுத்தில் ஒரு மணியும் வைத்தார்.

ஐப்பசியில் திறப்பு விழா. பள்ளி வாத்தியார் நாற்பது பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்தார். வாசலில் காக்கிக் கோட்டோடு வெங்கடாசலம் கைகூப்பி நின்றார். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஓடாத இருவரும் வேறு தாலுகாவிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்.

அதற்குப் பிறகு மாசி வரை ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லை. வெங்கடாசலம் தினமும் கொசுவைத் துடைத்தார். நுரையீரலைத் துடைத்தார். "பங்குனிக்கு எத்தனை நாள் இருக்குன்னு தெரியுமாய்யா?" என்று டாக்டர் கேட்பார். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

மாசி மாதத்து வெயில் தகரக் கூரையில் இறங்கியது. கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, வெறும் மேலும் நெற்றியில் திருநீறுமாக அவர் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், ஒரு பெண் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பக்கத்துக் கிராமத்துச் சின்னாயி. எட்டு வயது அங்காளம்மாளின் காலில் துணிக்கட்டு.

"ஏனுங்க பூசாரி, காலு வெக்கற எடம் எதுங்க?"

"கோயிலு அங்குட்டு இருக்குது தாயி. இது காட்சிசாலை."

சின்னாயி சுற்றிலும் பார்த்தாள். "காலு இருக்குது, கண்ணு இருக்குது, வாகனம் மணி கட்டி நிக்குது. கோயில் இல்லீன்னா பின்ன என்னத்துக்குங்க இத்தனையும்?"

அவள் முந்தானையிலிருந்து ஒரு மண்காலை எடுத்து, செல்லமுத்து செய்த காலுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டாள். இதற்குள் அங்காளம்மாள் நொண்டிக்கொண்டே அவர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"இதென்னங்க கால்ல நூலு தொங்குது?"

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளை அவரிடம் கேட்ட முதல் கேள்வி. பதில் ஒரு மணி நேரம் நீண்டது. புண் காலோடு படிக்கிணற்றில் இறங்கினால் புழுவின் குஞ்சு தண்ணீரில் விழும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி அதைத் தின்னும், அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர் காலில் அடுத்த வருஷம் நூல் தொங்கும். எல்லாவற்றையும் சொன்னார்.

சின்னாயி பொறுமையாகக் கேட்டாள். "செரிங்க. இதுக்கு என்ன வேண்டுதலைங்க?"

வெங்கடாசலம் தொண்டையைச் செருமினார். "குடிக்கற தண்ணிய நாலு மடிப்புத் துணியில வடிகட்டோணும். புண்ணுக் காலோட கெணத்துல எறங்கப்படாது. நாப்பத்தெட்டு நாளு."

"பூசை?"

"பூசை ஒண்ணும் வேண்டாம்."

"பூசையில்லாத வேண்டுதலையா! புதுசா இருக்குதுங்களே" என்று வியந்துகொண்டே போனாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் ஏழு தாய்மார்கள், பதினொரு பிள்ளைகள், ஏழு மண்கால்கள். அதற்கடுத்த வாரம் கொசுவுக்கு யாரோ மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். செல்லமுத்து ஓடி வந்தார். "இந்த மாசம் முப்பத்தேழு காலுங்க! வயித்துவலிக்கும் ஏதாச்சும் சொன்னீங்கன்னா நான் வயிறும் செஞ்சு தாரேன்."

வெங்கடாசலம் காக்கிக் கோட்டைத் தொடவேயில்லை; கோட்டைக் கண்டதுமே ஓடியவர்களுக்கு அவர் முகம் தெரியாது. பிள்ளைகள் அவரைப் பூசாரி என்றே கூப்பிட்டார்கள். ஏமாற்றுகிறோமோ என்று மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவர் மடியில் சாய்ந்து கொசுவின் வயிற்று வரிகளை எண்ணிப் பார்க்கிற பிள்ளையிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பங்குனிக் கடைசி வெள்ளிக்கிழமை டாக்டரும் பஞ்சு வியாபாரியும் வந்தார்கள். ஊரில் காற்று மாறிவிட்டதை அறிந்த வாத்தியார் நூற்றுப் பதினைந்து பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார். கிடங்கு நிறைந்திருந்தது. டாக்டர் மண்கால்களைப் பார்த்தார். தேங்காய் மூடிகளைப் பார்த்தார். மஞ்சள் துணி கட்டிய கொசுவைப் பார்த்தார்.

"இது என்னய்யா கூத்து? நோய் எப்படி வருதுன்னு சொல்லச் சொன்னா, நாற்பத்தெட்டு நாள் வேண்டுதல் சொல்றியாமே! நாற்பத்தெட்டு நாள் முடிஞ்சா?"

"அடுத்த வேண்டுதல் ஆரம்பிக்குமுங்க."

டாக்டருக்கு முகம் சிவந்தது. "கோட்டை மாட்டு! இப்பவே! நீ பூசாரி இல்லை, பூசாரி இல்லைன்னு இந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியணும்."

வெங்கடாசலம் கதவுக்குப் பின்னால் போனார். பொத்தான்களை மெதுவாகப் போட்டார். திரும்பி வந்தபோது ஒரு பையன், "அம்ம குத்தறவரு!" என்று கத்தினான். இருநூற்று முப்பது கால்கள் வாசலுக்குப் பாய்ந்தன. பஞ்சு வியாபாரி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்பே வந்திருந்த, புண் முழுதும் ஆறாத அங்காளம்மாளால் ஓட முடியவில்லை. நின்ற இடத்திலிருந்தே அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பூசாரி, நீங்கதான் அம்ம குத்தறவருங்களா?"

"ஆமா சாமி."

"எனக்கும் நீங்கதான் குத்துனீங்களா?"

"காட்டு பாக்கலாம்." அவள் இடது கையை நீட்டினாள். அவர் குனிந்து, நகை பார்க்கும் ஆசாரி மாதிரி கண்ணைச் சுருக்கினார். "ச்சே, இது என்னுது இல்ல. கோணலா இருக்குது பாரு. நீ எங்க பொறந்த?"

"ஆத்துக்கு அக்கரையிலீங்க, எங்கம்மாவப் பெத்த அப்பிச்சி ஊட்டுல."

"அதானே! அக்கரை ஆளுக்குத் திருகறப்ப கை நடுங்கும். நாம குத்துனா நாலும் நூல் புடிச்சாப்பல நிக்கும்."

வாசலில் நெருக்கியடித்த கூட்டம் நின்றது. அலறிய அதே பையன் சட்டைக் கையை மேலே சுருட்டினான். "என்னுது யாருதுங்க?"

"கிட்ட வா, தெரியல... ஆங், இது என்னுது! நீ குதிருக்குள்ள ஒளிஞ்சவன்தானே? கால் ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். "டேய், என்னுது உன்னுதவிடப் பெருசு!" "எனக்கு மூணுதான் இருக்குது, ஒண்ணு எங்க?" சண்டை போட்டுக்கொண்டு வரிசை கட்டினார்கள். வரிசை பல்லைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, நுரையீரல் வரை நீண்டது. தழும்பு பார்த்துக்கொண்டே ஒவ்வொரு உருவத்துக்கும் வெங்கடாசலம் விளக்கமும் சொன்னார். தண்ணீரை ஏன் வடிகட்டுகிறோம் என்று டாக்டர் ஒரு சிறுமியை நடுவில் மடக்கிக் கேட்டார். கிணற்றில் இறங்கும் புண் கால் முதல் பூச்சி வரை அவள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். டாக்டர் ஒரு தேங்காய் மூடியின்மேல் உட்கார்ந்து, சட்டென்று எழுந்தார்.

கடைசியாகப் பஞ்சு வியாபாரி வந்து சில்க் ஜிப்பாவின் கையை ஏற்றினார். "நம்முளுது யாருதுன்னு பாரய்யா."

"இது எனக்கு முந்துன ஆளுதுங்க. நல்லாத்தான் குத்தியிருக்காரு."

கிடங்கு காட்சிசாலைக்கே இருக்கட்டும் என்று அன்று சாயங்காலம் முடிவானது. வேண்டுதல் பேச்சு கூடாது, மண்கால்களைக் கோயிலில் சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டார். சித்திரை இரண்டாவது திங்கட்கிழமை, சங்ககிரிப் பள்ளியிலிருந்து அறுபது பிள்ளைகள் ஆறு மாட்டு வண்டிகளில் வந்து இறங்கி, வாசலில் கோட்டோடு நின்ற வெங்கடாசலத்தை நோக்கிச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே நடந்து வந்தார்கள்.