முட்டைக்கு ஒரு நடை

சந்தியாகோ நகரத்தில், ஒரு மளிகைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கும் அந்த மென்பொருள் அலுவலகத்தில் சர்க்கரை டப்பாவை யாரும் நம்புவதில்லை. காரணம் யுபெல்கிஸ். முப்பத்திரண்டு வயதாகிறது, இன்னமும் சர்க்கரையில் உப்பைக் கலந்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். கல்லூரியைப் பாதியில் விட்டவள்தான். ஆனால் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்பதில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது. கையால் நாலு வரி எழுதுவாள். பத்தாயிரம் பெயர்களில் வேண்டிய பத்து மட்டும் ஓடிவந்து நிற்கும். அந்த நாலு வரியை நம்பித்தான் அவள் நாற்காலி இருந்தது.

இப்போது அந்த நாற்காலிக்கு ஆபத்து வந்திருந்தது. பேட்டைப் பிள்ளைகளின் பேஸ்பால் சங்கத்துக்கு ஓர் இணையதளம் செய்ய வேண்டும். கூட வேலை பார்க்கும் லியோவானி, சட்டையோடு ஜீன்ஸுக்கும் இஸ்திரி போடுகிறவன், அதற்காக ஓர் ஓ.ஆர்.எம். கருவியைப் பிடித்து வந்தான். நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே நிற்கிற தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியதைச் சொன்னால் போதும், கேள்வியைத் தானே எழுதி, பதிலை வாங்கிவந்து கொடுத்துவிடும்.

“கையால ஒரு கேள்விகூட எழுத வேணாம் டோன்யா,” என்றான் லியோவானி.

முதலாளியம்மா டோன்யா நூரிஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அப்ப கேள்வி எழுதுற ஆளு?”

லியோவானி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான்.

“போன் எடுக்கத்தான் ஆளில்லாம கெடக்கு,” என்றார் டோன்யா, பொதுவாக. “வெள்ளிக்கிழமை செஞ்சு காட்டு. சரியா வந்தா அதையே வெச்சுக்கலாம்.”

யுபெல்கிஸ் சொன்னது வேறு கருவி. ஒல்லியானது, கேள்வியை நாமேதான் எழுத வேண்டும். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை, லியோவானி சாப்பிடப் போன நேரம், அவன் செய்த பக்கத்தைத் திறந்து பார்த்தாள். இருபத்துநாலு அணிகள், அவற்றின் ஆட்டக்காரர்கள், அவ்வளவுதான் அந்தப் பக்கம். அது வந்து சேர்வதற்குள் ஒரு காப்பியைக் குடித்து முடித்துவிட்டாள். தரகர் போய்வந்த கணக்கு இருக்கும் பதிவேட்டைப் புரட்டினால் விஷயம் சிரிப்பாக இருந்தது. தரகர் முதலில் போய் அணிகளின் பெயரை வாங்கிவருகிறார். அப்புறம் ஒவ்வோர் அணியின் ஆட்டக்காரர்களுக்காகவும் தனித்தனியாக ஒரு தரம் போய்வருகிறார். ஆக மொத்தம் இருபத்தைந்து நடை.

அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கீழே மளிகைக்கடைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் திரை முன்னால் கூடி, பக்கம் வருமென்று காத்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஹெல்மெட்டும் கையுமாகக் கடைக்காரப் பிலோ. ஒரு சோப்புக்கட்டிக்கு போன் போட்டால்கூட மோட்டார்சைக்கிளில் வீடுவரை கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள்.

“லியோவானி சாருக்கு ஒரு முட்டை.”

“நான் கேக்கலையே.”

“உங்க பேரைத்தான் சொன்னாங்க.”

ஒரு நிமிஷம். மறுபடியும் கதவு.

“லியோவானி சாருக்கு ஒரு முட்டை.”

ஏழாவது முட்டைக்கு டோன்யா பொறுமை இழந்தார். “ஏன்டா, எல்லாத்தையும் ஒண்ணா வாங்கித் தொலைக்க மாட்டியா? அந்த மனுஷன் மூணு மாடி ஏறி எறங்குறாரு, மூட்டு என்னத்துக்கு ஆகும்?”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் யுபெல்கிஸ் காத்திருந்தாள். “தம்பியோட தரகரும் இதையேதான் பண்றாரு டோன்யா. இருபத்தஞ்சு முட்டை, இருபத்தஞ்சு நடை. அதான் பக்கம் இன்னும் வரல.” பதிவேட்டைத் திறந்து காட்டினாள்.

லியோவானியின் காது இரண்டும் சிவந்தன. கையில் முட்டைகள் இருந்ததால் முகத்தை மூடவும் வழியில்லை.

போதும் என்று பிலோவிடம் சொல்லக் கதவைத் திறந்த யுபெல்கிஸ் அப்படியே நின்றுவிட்டாள். பிலோ மாடிப்படியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முட்டை அட்டை, மிச்சம் பதினெட்டு முட்டையோடு.

“என்னண்ணே, ஏறி எறங்கலையா?”

“எனக்கென்ன பைத்தியமா? இருபத்தஞ்சுன்னு நேத்தே சொல்லிட்டியே. ஒரே தூக்கா தூக்கிட்டு வந்துட்டேன். இங்கருந்தே ஒண்ணொண்ணா குடுக்கறேன்.”

அவள் தோளுக்கு மேலாக லியோவானி அட்டையைப் பார்த்தான். “அக்கா,” என்றான் மெதுவாக, “தரகர்கிட்டயும் ஒரே தூக்கா கொண்டான்னு சொல்ல முடியுமா?”

முடியும். அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. யுபெல்கிஸுக்கு அது வியாழக்கிழமையே தெரியும். முடியாது என்று தலையாட்டினால் ஒல்லிக்கருவி ஜெயிக்கும், நாற்காலி தப்பிக்கும். அவனைத் திரும்பிப் பார்த்தாள். கைக்கு மூன்று, சட்டைப்பையில் ஒன்று. எதையும் உடைத்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“தள்ளுடா,” என்று அவன் இடத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். இருபத்தைந்து நடை இரண்டாகிவிட்டது. பக்கம் சட்டென்று வந்து நின்றது.

“அவன் கருவியையே வெச்சுக்கலாம்,” என்றார் டோன்யா. யுபெல்கிஸ் தன் மேஜையில் இருந்த பேனாக்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். “எங்கடி போற? இவன் எழுதுறது எதுவும் நீ பாக்காம வெளிய போகக் கூடாது. போனை நானே எடுத்துக்கறேன்.”

மத்தியானம் லியோவானி வாழைக்காயை வேகவைத்து மசித்து, முட்டை பொரித்து, முதல் தட்டை அவள் மேஜையில் கொண்டுவந்து வைத்தான். ஒரு வாய் எடுத்து வைத்தாள். உப்பு இருக்க வேண்டிய இடத்தில் சர்க்கரை.

அவன் ஒன்றும் தெரியாத முகத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் முகம் மாறாமல் தட்டை வழித்துத் தின்று முடித்தாள்.