ஆணியில் தொங்கிய இரண்டு வெள்ளைத் தாள்கள்

எங்கள் மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கும். அதற்குள் இரண்டு வெள்ளைத் தாள்கள் இருக்கும். ஒன்றின் அடியில் என் கையெழுத்து, மற்றதன் அடியில் என் கொழுந்தனின் கையெழுத்து. மேலே ஒரு எழுத்துகூட இருக்காது.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் மாமனார் நிலத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். ஆழ்துளைக் கிணறு ஒன்றுதான், அந்தப் போரைப் பிரிக்க முடியுமா? ஒரு நாள் தண்ணீர் எங்களுக்கு, மறுநாள் கொழுந்தனுக்கு. கரண்ட் ஆபீசில் எந்த மனு கொடுத்தாலும் இரண்டு பங்குக்காரர்களும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒருத்தர் கிடைக்கும்போது இன்னொருத்தர் கிடைக்க மாட்டார். அதனால் அண்ணன் தம்பி இருவரும் முன்கூட்டியே வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு மாட்டிவைத்தார்கள். யாருக்கு ஆபீஸ் போக நேரம் இருக்கிறதோ அவர் மற்றவருடைய தாளில் மனுவை எழுதிக்கொண்டு போவார், வந்ததும் புதுத் தாளில் கையெழுத்து வாங்கி மாட்டுவார். என் வீட்டுக்காரர் இறந்த பிறகும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை, அவர் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். தட்டில் சோறு போட்ட கை இது. அவனிடம் போய் என்ன பயம் எனக்கு?

பழைய மோட்டார் கிழடாகிவிட்டது. உள்ளே செப்புக்கம்பிக் காயில் எரிந்து மூன்று தடவை கட்டியாயிற்று. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் உறுமும், தண்ணீர் ஏறாது. என் கரும்புக் கொல்லை கடைமடையில் இருக்கிறது. முறை நாள் முழுக்க ஓடவிட்டாலும் கடைசி நான்கு பார் வரிசைகளுக்குத் தண்ணீர் போய்ச் சேராமல் தோகை காய்ந்தது.

விதை நெல் வாங்க உழவர் உதவியகத்துக்குப் போனபோது அந்த அறிவிப்பைப் பார்த்தேன். கரண்ட் அதிகம் இழுக்கும் பழைய மோட்டாரைக் கொடுத்துவிட்டு ஸ்டார் போட்ட புது மோட்டார் வாங்கிக்கொள்ளலாம், பெரும்பகுதியை அரசாங்கமே தரும். அன்றிலிருந்து என் கால் ஓயவில்லை. பட்டா நகலுக்குப் பாகூர் தாலுகா ஆபீசுக்கு நான்கு நடை. ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் வேறு மாதிரி என் பெயர். அதைச் சரி செய்ய இரண்டு நடை. போர் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள், புதுப் புடவை கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு போருக்கு ஒருவர்தான் விண்ணப்பிக்க முடியும், மற்றவர் சம்மதக் கடிதம் தர வேண்டும். கொழுந்தனிடம் சொன்னேன். "நீங்களே போடுங்க அண்ணி, நான் இன்னாத்துக்கு குறுக்க நிக்கப்போறேன்" என்றான்.

ஃபைலைக் கொடுக்கக் கடைசி நாள் எனக்குக் கடும் காய்ச்சல். அவனே வந்து, பைக்கில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "கொட்டாயில கவர் இருக்கு, அந்தத் தாளையும் எடுத்துக்கிட்டுப் போப்பா" என்று சொல்லி அனுப்பினேன். அவனுடைய தாளைத்தான் சொன்னேன். அதை விளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்கு மாதம் கழித்து ஆபீசர் பார்வையிட வந்தபோது அவன் பெயரைச் சொல்லிக் கேட்டார். பெயர் மாறிவிட்டது சார், விண்ணப்பித்தது நான்தான் என்றேன். அவர் ஃபைலைத் திறந்து காட்டினார். என்னுடைய விண்ணப்பம் அதில் இல்லவே இல்லை. அவன் விண்ணப்பத்தோடு என் தாள் மட்டும் இருந்தது. அடியில் என் கையெழுத்து, மேலே அவன் எழுதிய நான்கு வரி: போரும் மின் இணைப்பும் என் கொழுந்தன் பெயருக்கே மாற எனக்கு முழுச் சம்மதம், இனி உரிமை கோர மாட்டேன். ஆபீசர் பாவம், "உங்க கையெழுத்துதானேம்மா?" என்று கேட்டார். என் கையெழுத்துதான். இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"யார் பேர்ல இருந்தா இன்னா அண்ணி? தண்ணி ஒரே தண்ணிதானே."

பழைய மோட்டாரைக் கழற்றிய அன்று கொட்டகைக்குப் போய்க் கவரை எடுத்து வந்தேன். அவன் தாள் அப்படியே இருந்தது. என் மகள் பேனாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். சம்மதக் கடிதமே செல்லாது, ஏமாற்றி வாங்கினேன் என்று அவனே எழுதித் தந்த மாதிரி எழுதும்மா என்றாள். மூடியைத் திறந்தேன். எழுதவில்லை. நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் கையெழுத்து என்னை நம்பிப் போட்டது. அதை எடுத்து அவன் செய்ததையே செய்தால் அப்புறம் அவனைத் திட்ட எனக்கு வாய் இருக்காது. எனக்கு அவனைத் திட்ட வேண்டும், சாகும்வரை திட்ட வேண்டும்.

புது மோட்டார் வந்தது. கொட்டகைக்குப் புதுப் பூட்டும் வந்தது. சாவி ஒன்றுதான், அவன் இடுப்பில். "உங்க முறைக்கு வந்து கேளுங்க அண்ணி, தரேன்" என்றான். கேட்க வேண்டுமாம். இத்தனை வருஷம் யாரையும் கேட்காமல் பாய்ச்சிய தண்ணீரை.

கரும்பு காய்கிறதே, மானத்தைப் பார்த்தால் முடியுமா? முதல் முறை நாள் காலையில் போய் நின்றேன். அவன் சாவியை நீட்டினான். நான் மடித்துவைத்திருந்த தாளை அவனிடம் நீட்டினேன்.

"இந்தா, உன் கையெழுத்து. நீயே வெச்சிக்கோ."

வாங்கினான். பிரித்தான். மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு பின்பக்கம் திருப்பி, நான் எதையாவது எழுதிவைத்திருக்கிறேனா என்று பார்த்தான்.