உட்கார்ந்து குடிக்க ஒரு கடை

அந்த நாளில் நான் கள் குடிப்பவன். ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் பச்சைத்தோலைத் தரம் பிரிக்கும் வேலை. காலையில் கை வைத்தால் பொழுது சாயும்வரை உப்பும் கொழுப்பும்தான். வாரத்தில் இரண்டு நாள் சந்தைகளுக்குப் போய்த் தோலைப் புரட்டிப் பார்த்து வாங்கி வர வேண்டும். வாணியம்பாடி, குடியாத்தம், பள்ளிகொண்டா என்று பாலாற்றின் இரு கரையிலும் அலைந்திருக்கிறேன். உடம்பில் ஏறிய களைப்பை ஒரு மொந்தைக் கள் இறக்கிவிடும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

தோல் ஏற்றி வரும் மாட்டுவண்டி ஒரு பாயுடையது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஐந்து வேளையும் தொழுகிறவர், கள்ளின் வாசனைகூட ஆகாது. ஆனாலும் நான் கடைப் பக்கம் கை காட்டினால் வண்டியை நிறுத்துவார். நான் திரும்பும்வரை மாடுகளின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். ஏன் குடிக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு சந்தை நாளில், பள்ளிகொண்டா ரோட்டிலிருந்த கடையில் நான் குடித்துக்கொண்டிருந்தபோது வண்டியின் கடையாணி கழன்றுவிட்டது. என்னைக் கூப்பிடப் பாய் கடைக்குள் போயிருக்கிறார். உள்ளே பலகையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் நான் இல்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தார். அங்கே வேலியில் ஒரு சந்து விட்டிருப்பார்கள். சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடைக்காரன் உயரத் தூக்கி ஊற்றுவான். இந்தப் பக்கம் நாங்கள் குந்திக்கொண்டு கொட்டாங்குச்சியில் ஏந்திக் குடிப்போம். குடித்ததும் கழுவி வேலியிலேயே செருகிவிட வேண்டும். தோல் வேலை செய்கிற எங்கள் சாதிக்கு எல்லாக் கடையிலும் அப்படித்தான். எனக்கு அது புதிதில்லை. பாய்க்குப் புதிது. என்னைப் பார்த்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

கடையாணியைப் போட்டு வண்டி கிளம்பியது. மாதனூர் தாண்டியதும் மாட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எத்தினி வருசமா இப்பிடி?”

“பொறந்ததுலேர்ந்து, பாய்.”

“வேற கடை பாக்கலாம் தோஸ்த்.”

எங்கே போனாலும் இப்படித்தான் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. அன்று முதல் எனக்கு நல்ல கள்ளுக்கடை தேடுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

அவர் தேடும் முறை இதுதான். கடைக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்துவார். வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். சிரித்துக்கொண்டு வந்தால் கள் சுத்தம், முறைத்துக்கொண்டு வந்தால் ஏதோ கலந்திருக்கிறான் என்பது அவர் கணக்கு. எல்லோரும் ஒரே வாசலில் வருகிறார்களா என்று பார்ப்பார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு தானே உள்ளே போய், என் தோஸ்த் ஒருவர் இருக்கிறார், உள்ளே உட்கார இடம் கொடுப்பீர்களா என்று கேட்பார். தாடியும் தொப்பியுமாக ஒருவர் கள்ளுக்கடையில் நுழைந்தால் எப்படி இருக்கும்! சிரித்திருக்கிறார்கள். கை ஓங்கியவர்களும் உண்டு. அவரைக் கள்ளுக்கடையில் கண்டதாக யாரோ ஊரில் போய்ச் சொல்ல, ஜமாத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் குடிக்கப் போகவில்லை, என் தோஸ்துக்காகப் போனேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவர் வீட்டம்மா என் மனைவியிடம் சொல்லித்தான் தெரியும்.

கடைகள் கிடைக்காமல் இல்லை. ஜோலார்பேட்டையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு கடை. கரி அள்ளுகிறவர், மூட்டை தூக்குகிறவர் எல்லோரும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். நானும் உட்கார்ந்தேன். ஆனால் கள்ளில் பாதி தண்ணீர், மீதி நேற்றையது, நடுவில் ஒரு சண்டை. வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோப்புக் கடையில் கள் தேனாக இருந்தது, எங்களுக்கு மட்டும் தனிக் கொட்டகை. பேரணாம்பட்டு ரோட்டில் ஒருவர் உள்ளே வரச் சொன்னார், ஆனால் நான் எழுந்ததும் பலகையில் தண்ணீர் தெளித்தார். கள் நன்றாக இருந்தால் இடம் சரியில்லை, இடம் சரியாக இருந்தால் கள் சரியில்லை. இரண்டு வருடம் இப்படியே போனது. எனக்கு அலுத்துவிட்டது, பாய்க்கு அலுக்கவில்லை.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணமாகிவிட்டிருந்தது. மனைவி கணியம்பாடிப் பக்கம். நடவுக்கும் அறுப்புக்கும் போய் வளர்ந்தவள். வேலை முடிந்த களைப்புக்கு அவள் அப்பா தன் பங்கில் ஒரு வாய் கள் கொடுப்பாராம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அதைச் சொல்லிவிட்டு, நான் திட்டுவேனோ என்று என் முகத்தையே பார்த்தாள்.

எங்கள் முதல் குழந்தை ஆண். நாற்பது நாள் இருந்தான். ஜுரம் கண்ட மூன்றாம் நாள் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அழவும் இல்லை. சமைத்தாள், தண்ணீர் எடுத்து வந்தாள், வாசல் பெருக்கினாள். கேட்டால் தலையாட்டினாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். பாய் வீட்டிலிருந்து தினமும் ஒரு கிண்ணத்தில் கஞ்சி வரும். அந்தம்மாவே கொண்டுவந்து, இவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கஞ்சியில்தான் அவள் உயிர் நின்றது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

மூன்று மாதம் கழித்து, நான் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவளாகவே வாய் திறந்தாள்.

“நீ போற கடைக்கு நானும் வரட்டா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கள்ளுக்கடைக்கா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அப்பாவுடன் உட்கார்ந்த மாதிரி ஒரு நாள் எங்கேயாவது உட்கார வேண்டும் போலிருக்கிறது என்றாள். மூன்று மாதத்தில் அவள் சொன்ன மிக நீளமான பேச்சு அதுதான். எந்த வேலிச் சந்துக்கு இவளைக் கூட்டிப் போய்க் குந்த வைப்பேன்? வண்டியில் ஏறியதும் பாயிடம் சொன்னேன்.  அவர் மாடுகளைத் தட்டி ஓட்டினார்.

“தங்கச்சி கேட்டுடுச்சி. இனிமே கண்டிப்பா கெடச்சாவணும்,” என்றார்.

அடுத்த மூன்று வாரம் நான் கடைப் பக்கமே போகவில்லை. அவர் மட்டும் இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வருவார். முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்துகொள்வேன். நான்காம் வாரம், குடியாத்தம் போகிற வழியில் மலையடிவாரத்து ஈச்சந்தோப்பு ஒன்றில் புகுந்தவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது தாடிக்குள் சிரிப்பு.

கடையை நடத்துவது ஒரு பெண்பிள்ளையாம். புருஷன் மரம் ஏறுகிறான், இவள் விற்கிறாள். பாய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாராம்: தோல் வேலைக்காரர், இன்ன சாதி, பெண்சாதியும் வருவாள், குழந்தையைப் பறிகொடுத்தவள். அவள் கேட்டுக்கொண்டே கலயத்தை வடிகட்டி முடித்திருக்கிறாள். பிறகு, “இட்டுனு வா. காலையில வரச்சொல்லு. அப்பதான் கள்ளு நல்லாருக்கும்,” என்றாளாம். அவ்வளவுதான்.

அது தை மாதம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாய் வண்டியைக் கட்டினார். தோல் வாடை இருக்கக் கூடாதென்று பலகையைக் கழுவிப் புது வைக்கோல் பரப்பியிருந்தார். மனைவி கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் பனி. 

கடை என்றால் ஓலைக் கூரையும் நான்கு கால்களும்தான். வேலி கிடையாது. நாங்கள் வழக்கம்போல் ஓரமாகக் குந்தப் போனோம். கடைக்காரம்மா ஒரு கோரைப்பாயை உதறி நடுவில் விரித்து, பனியில் ஏன் வெளியே நிற்கிறீர்கள் என்று அதட்டினாள். என் வயதுதான் இருக்கும், தாட்டியான உடம்பு. ஓலைப் பட்டையை மடித்து ஆளுக்கொன்று கொடுத்தாள். குனிந்து, கைக்குப் பக்கத்தில் கலயத்தைக் கொண்டுவந்து ஊற்றினாள். எனக்கு யாரும் அப்படி ஊற்றியதில்லை. பிறகு தானும் ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு என் மனைவிக்குப் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள்.

காலைக் கள். இனிப்பு போகாமல், லேசான சுரீர் மட்டும் நாக்கில் நின்றது. அதுபோல் ஒரு கள்ளை அதற்கு முன்னும் பின்னும் நான் குடித்ததில்லை. அல்லது அந்த இடத்தில் உட்கார்ந்து குடித்ததால் அப்படி இருந்ததோ என்னவோ.

மனைவி அரைப் பட்டை குடித்தாள். வேகவைத்த மொச்சை ஒரு கை எடுத்தாள். கடைக்காரம்மா அவளிடம் ஊர் எது, நடவு எப்படி என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாக, “புள்ள யாரு சாடை?” என்று கேட்டாள்.

நான் பதறிப்போனேன். எங்கள் தெருவில் யாரும் குழந்தைப் பேச்சை எடுப்பதேயில்லை. அவள் மனம் நோகும் என்று நானும் எடுத்ததில்லை.

மனைவி கையிலிருந்த பட்டையைக் கீழே வைத்தாள். “காது மட்டும் இவருது மாதிரி. மத்தபடி எங்கப்பா,” என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். கடைக்காரம்மா தேற்றவில்லை, அழாதே என்று சொல்லவில்லை. அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. என் காது என்று எனக்குத் தெரியவே தெரியாது. நாற்பது நாளும் குழந்தையைப் பார்த்தவன்தான், அதைக் கவனிக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டாள். மொச்சையை ஓர் இலையில் வாரிக்கொண்டு போய் வண்டியடியில் நின்ற பாயிடம் கொடுத்தாள். திரும்பும்போது வைக்கோலில் படுத்துத் தூங்கிவிட்டாள். மாடுகளைப் பாய் மெதுவாகவே நடத்தினார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு அங்கே போனோம். வெய்யில் காலத்தில் ஈச்சங்கள் நின்றுவிட்டால் பனங்கள். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, பாயும் உள்ளே வரட்டும் என்று கடைக்காரம்மா சொல்லிவிட்டாள். அவருக்கென்று அவள் புருஷன் ஒரு மரத்தில் சுண்ணாம்பு தடவின கலயம் கட்டியிருந்தான். அதில் இறங்கும் பதநீர் புளிக்காது, தித்திப்பாகவே இருக்கும். பாய் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். போதை இல்லையே என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு பிஸ்மில்லா சொல்லிக் குடித்தார். இதுக்கா இத்தனை வருஷம் வெளியில நின்னேன் என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். மனைவியும் சிரித்தாள்.

அடுத்த வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். கடைக்காரம்மா மடியில் ஈச்சவெல்லத்தைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். அவள் சாதிக்காரர்கள் நுழையாத தெரு. நேராக வந்து எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

கதர்ச் சட்டைக்காரர்கள் கடை வாசலில் நின்று குடிக்காதே என்று கைகூப்பிய காலம் ஒன்று வந்தது. அந்தத் தோப்புக்கும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார் போலிருந்தார். திடீரென்று என் காலில் விழுந்து, குடும்பத்தை நினைத்துப் பார் என்றார். பெரிய சாதிக்காரர் ஒருவர் என் காலில்! நான் கூசிப்போய் அவரைத் தூக்கிவிட்டேன். நல்ல மனுஷர்தான். கள்ளால் அழிந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு, அவர் சொன்னதில் பொய்யில்லை. என் குடும்பம் இதோ பக்கத்தில் நிற்கிறது என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ. அன்று நாங்கள் குடிக்காமலே திரும்பினோம். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

பிறகு சில வருடங்களில் மதுவிலக்குச் சட்டமே வந்துவிட்டது. எல்லாக் கடைகளும் மூடின. வேலிச் சந்துகளும் அடைபட்டன, அதில் எனக்கு வருத்தமில்லை. கடைக்காரம்மாவின் புருஷனுக்குத்தான் மரம் ஏறுவதைத் தவிர வேறு தெரியாது. எங்கள் கிடங்கில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இரண்டு நாள் நின்றான். முடியவில்லை. கடைசியில் கோலார் தங்கவயலில் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்று கிளம்பினார்கள்.

ஜோலார்பேட்டை வரைக்கும் பாய் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டோம். பிளாட்பாரத்தில் அவளும் என் மனைவியும் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்கள். மகள் நடுவில்.  ரயில் வந்ததும் கடைக்காரம்மா என் மனைவியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, “சோறு துன்னு. வுட்டுடாத,” என்றாள். பாயிடம் கும்பிடு போட்டாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஒரு தடவை போய் அவளைப் பார்த்து வர வேண்டும் என்று மனைவி வருடாவருடம் சொல்வாள். மகளுக்குப் பள்ளிக்கூடம், எனக்குக் கிடங்கு, பாய்க்கு முழங்கால் வலி என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேயிருந்தது. போகவில்லை. தங்கவயலுக்குப் போகிற ரயில் ஜோலார்பேட்டையை விட்டு எப்போது கிளம்பும் என்று கேட்டால் மட்டும், அடுப்படியில் இருந்தபடியே சரியாகச் சொல்வாள்.