வடக்கே தலை, தெற்கே ஏரி

அந்த வீட்டைக் காட்டிய தரகர் மன்னிப்புக் கேட்கிற குரலிலேயே பேசினார். ஏரி நன்றாகத் தெரியும், ஆனால் தெற்குப் பார்த்த வீடு, வெயில் பின்பக்கம்தான் விழும் என்றார். நியூசிலாந்தில் வெயில் வடக்கிலிருந்து வரும். தெற்குப் பார்த்த வீட்டை இங்கே யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. ஏரிக்கரையிலேயே இருந்தும் அதன் விலை எங்கள் கைக்கு எட்டியதற்கு அதுதான் காரணம். அவர் குறை சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். முகத்தை மட்டும் யாரோ செத்துப்போன மாதிரி வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அக்கா என் முழங்கையைக் கிள்ளினார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஆக்லாந்தில், எல்லர்ஸ்லியில், நானும் அவரும் ஒரே அலுவலகம். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டு வருடமாக எங்கள் மதியச் சாப்பாட்டுப் பேச்சே இதுதான்: ஆளுக்குப் பாதி போட்டு ஒரு சின்ன ஏரியோரம் ஒரு வீடு வாங்குவது, அதை வார இறுதிகளுக்கும் விடுமுறைக்கும் வாடகைக்கு விடுவது. பெரிய ஊர்ப்பக்கம் போனால் நமக்குக் கட்டுப்படியாகாது. இந்த ஏரியோ ஆக்லாந்திலிருந்து இரண்டரை மணி நேரம். டெய்ரி என்று இங்கே சொல்கிற ஒரு மூலைக்கடை, ஒரு மீன் வறுவல் கடை, படகு இறக்க ஒரு சரிவு, அவ்வளவுதான் ஊர். எங்களுக்கு அது போதும்.

என் கணவரைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய பாடு. அவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். பாபடோயிட்டோயில் எங்கள் வீட்டு மார்ட்கேஜ் முடிந்ததும் திருச்சியில் ஒரு ஃபிளாட் வாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் ஒரு மாதம் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் ஒரு நாள் தட்டில் கை வைத்தபடியே சொன்னார்.

"சரி வாங்கு. ஆனா ஈஸ்டருக்குள்ள அந்த வீடு தன் கால்ல நிக்கணும். நிக்கலன்னா வித்துட்டு மறு பேச்சு பேசக் கூடாது."

"பேச மாட்டேன்," என்றேன். எனக்கு அப்போது எதையும் சத்தியம் செய்யலாம் போலிருந்தது. படித்தது அப்பா சொன்ன படிப்பு, வந்தது கணவருக்கு விசா கிடைத்த நாடு. நானே ஆசைப்பட்டு, நானே தேடி, நானே பிடித்த முதல் பொருள் அந்த வீடு.

சாவி கைக்கு வந்த சனிக்கிழமை பால் காய்ச்சினோம். பழைய சொந்தக்காரர் பெரிய கட்டில் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார். படுக்கையறையில் ஏரிப் பக்கம் சுவர் முழுக்கக் கண்ணாடி. கிழக்கில் வாசல், மேற்கில் குளியலறைக் கதவு. கட்டிலை வடக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார் அந்த மனிதர்.

"ஐயோ பாவம், இத்தன வருஷம் வடக்க தலைய வச்சுப் படுத்திருக்காரு," என்றேன்.

"ஓம், அதுதான் விக்கவேண்டி வந்திருக்கு," என்றார் அக்கா, கொஞ்சமும் சிரிக்காமல்.

கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து நான் ஒரு முறை பார்த்தேன், அக்கா ஒரு முறை பார்த்தார். என் கணவர் மட்டும் தலையைச் சொறிந்தார். "நாம பூமிக்கு அந்தப் பக்கம் வந்துட்டமே, இங்க வடக்கு தெற்காயிடாதா?"

"வடக்கெண்டால் வடக்குத்தான் தம்பி. விசர்க்கதை கதையாமல் அந்தக் கட்டில் காலைப் பிடியும்," என்றார் அக்கா.

மூன்று பேரும் சேர்ந்து கட்டிலைத் தெற்கே இழுத்துக் கண்ணாடிச் சுவரோடு போட்டோம். இது எங்களில் ஒருவருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. கட்டில் போடுவதென்றால் முதலில் திசை, மற்றதெல்லாம் பிறகு. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அந்த மகள் இப்போது ஆக்லாந்திலேயே ஆல்பனியில் படிக்கிறாள். அவள்தான் வந்து படமெடுத்து இணையத்தில் ஏற்றினாள். படத்தில் வெள்ளை விரிப்பு, பூப்போட்ட தலையணை, பின்னால் நீலமாக ஏரி. அடேயப்பா, பார்த்தால் கண் பட்டுவிடும்! எதிர்ச்சுவர் வெறுமையாகக் கிடக்கிறதே என்று ஒரு ஏரிப் படம் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினேன். அழகாக இருந்தது என்றுதான் இன்றும் சொல்வேன்.

முதல் முன்பதிவு வந்தபோது அலுவலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேசைக்கு அடியில் கைபேசி அதிர்ந்தது. பார்த்தேன், கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரே இருந்த அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். "எத்தனை இரவு?" என்று அவர் உதட்டை மட்டும் அசைத்தார். மூன்று விரல் காட்டினேன். மேலாளர் நான் ஏதோ கேள்வி கேட்கிறேன் என்று நினைத்து நிறுத்தினார். ஒன்றுமில்லை என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். மதியம் கேன்டீனில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினோம், யார் பார்த்தால் என்ன என்று.

ஜனவரி இங்கே கோடை விடுமுறை, ஒரு நாள் விடாமல் ஆள் இருந்தது. நான் காற்றில் நடந்தேன். யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், பால் பவுடர் தீர்ந்துவிட்டதா, எல்லாம் எனக்குத் தெரியவேண்டும். அதே தெருவின் கோடியில் இருந்த ஒரு மாவோரிப் பெண்ணைச் சுத்தம் செய்யப் பிடித்திருந்தோம். என்னைவிட இளையவள், கெட்டிக்காரி. முதல் விருந்தினர் கிளம்பிய அன்றே அவள் அழைத்தாள். எல்லாம் சரி, கட்டிலை மட்டும் வடக்குச் சுவருக்குத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றாள். திருப்பிப் போட்டுவிடு என்றேன். அடுத்தவர்களும் தள்ளினார்கள். அதற்கடுத்தவர்களும் தள்ளினார்கள். மரத்தரையில் கோடு விழுந்துவிட்டது என்று அவள் படம் அனுப்பியபோது எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அடுத்தவர் வீட்டுக் கட்டிலில் இவர்களுக்கு என்ன வேலை என்று சமையலறையில் நின்று கத்தினேன்.

பிறகு விமர்சனங்கள் வர ஆரம்பித்தன. வீடு சுத்தம், ஆனால் படுத்தால் ஏரி தெரியாது என்றார் ஒருவர். ஏரியைப் பார்க்கத் திரும்பித் திரும்பிக் கழுத்து பிடித்துக்கொண்டது என்றார் இன்னொருவர். மூன்றாவது ஒரு அம்மாள் எழுதியதை என் மகள் போனில் வாசித்துக் காட்டினாள். எதிர்ச்சுவரில் இருக்கும் ஏரிப் படம் மிக அழகு, முதுகுக்குப் பின்னால் இருக்கும் நிஜ ஏரி அதைவிட அழகு, யாராவது வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

"அம்மா, சீரியஸ்லி?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

அது சின்ன இடம். ஏரியைச் சுற்றி இப்படி வாடகைக்கு விடும் வீடுகளை ஒரு நடையில் பார்த்துவிடலாம். விருந்தினர் நான்கு வீட்டு விமர்சனத்தையும் அக்கம்பக்கமாக வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளி விடுமுறை முடிந்ததும் எங்கள் நாள்காட்டி காலியானது. பிப்ரவரியில் இரண்டு வார இறுதி, மார்ச்சில் ஒன்று. ஈஸ்டர் நாட்கள் வெள்ளையாகவே கிடந்தன.

நான் மசியவில்லை. தெரிந்தே ஒருவரை வடக்கே தலை வைத்துப் படுக்க விடுவதா? அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கடைசியில் சுத்தம் செய்யும் பெண்தான் போன் செய்து கையை விரித்தாள். இனிமேல் கட்டிலைத் தொடமாட்டேன், முதுகு போகிறது, முதலில் ஏன் என்று சொல் என்றாள். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்களுக்குத் தலை புனிதம்," என்றாள். "அதனால் தலையணைமேல் உட்கார மாட்டோம். என் பிள்ளைகள் உட்கார்ந்தால் தொலைந்தார்கள்."

"அப்படியா? அப்படியானால் உனக்குப் புரிகிறது!"

"புரிகிறது. ஆனால் உன் விருந்தினர்கள் தினமும் தலையணைமேல் உட்காருகிறார்கள். நான் அவர்களிடம் ஒன்றும் சொல்வதில்லை. அது அவர்கள் தலை."

போனை வைத்தேன். அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் கணவர் தரகருக்குப் போன் செய்துவிட்டார். "திங்கக்கிழமை வந்து பாக்கறாராம். சனிக்கிழமை போய்க் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிட்டு வந்துடலாம்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னார். அக்காவை அழைத்துச் சொன்னேன். "நீர் குடுத்த வாக்கு. நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். அவர் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை இரண்டரை மணி நேரமும் அவரே வண்டி ஓட்டினார். வீட்டுக்குள் போனதும் நேரே சமையலறைக்குப் போய் அலமாரிகளைத் துடைக்க ஆரம்பித்தேன். என் கையால் அடுக்கிய தட்டுகள். ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து வைக்க வைக்க அழுகை முட்டியது. வண்டி ஓட்டி ஓட்டி என் கணவருக்கு இடுப்பு பிடித்திருந்தது. ஒரு பத்து நிமிடம் சாய்கிறேன் என்று படுக்கையறைக்குப் போனார்.

டீ போட்டு எடுத்துக்கொண்டு போனால், கட்டில் வடக்குச் சுவரோடு கிடக்கிறது. கடைசியாக வந்தவர்கள் தள்ளியது. அதில் மனிதர் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறார்.

"ஐயோ! எந்திரிங்க! வடக்க தல வச்சிருக்கீங்க!"

"தெரியும்," என்றார். எழுந்திருக்கவில்லை. "ஏய், சும்மா இரு. இங்க வா."

"வர மாட்டேன். முதல்ல எந்திரிங்க."

"ஒரு நிமிஷம் வந்து படுத்துப் பாரு. அப்புறம் திட்டு."

அவர் குரலில் ஏதோ இருந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு, பெருமாளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்தேன்.

ஏரி அறைக்குள் வந்திருந்தது. நின்று பார்க்கிறபோது கரையும் வேலியும் பக்கத்து வீட்டுப் படகும் கண்ணில் படும். படுத்துப் பார்த்தால் அதெல்லாம் கட்டில் விளிம்புக்குக் கீழே போய்விடுகிறது. தண்ணீர் மட்டும்தான். கறுப்பு அன்னம் இரண்டு, அவர் கால் கட்டைவிரலில் ஆரம்பித்து என் கால் வரை நிதானமாக நீந்திப் போயின. ஆறு மாதமாக நான் சொந்தம் கொண்டாடிய ஏரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். வந்தவன் போனவனெல்லாம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"எவ்ளோ பெரிய முட்டாளுங்க நாம," என்றேன்.

"நாமன்னு சொல்லாத. நான் அன்னைக்கே கேட்டேன்." கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "திங்கக்கிழமை அந்தாள வரவேணாம்னு சொல்லிடு. ஈஸ்டர் வரைக்கும் பாப்போம்." சொல்லி முடிப்பதற்குள் குறட்டை கேட்டது.

உடனே எழுந்து ஓடிப்போய் அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை. படுத்தபடியே கைபேசியை உயர்த்தி ஒரு படம் எடுத்தேன். வெள்ளை விரிப்பு, அவருடைய பழுப்பு சாக்ஸ் போட்ட இரண்டு பாதங்கள், அதற்கப்பால் ஏரி. மகளுக்கு அனுப்பினேன். அன்று மாலையே அதை முதல் படமாகப் போட்டு, கட்டில் திரும்பிவிட்டது என்று ஒரு வரியும் எழுதிவிட்டாள். பாதத்தை வெட்டிவிடு என்றேன். "நோ வே அம்மா, அதுதான் பெஸ்ட்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் கைபேசி அதிர்ந்தது. ஈஸ்டர், நான்கு இரவு. அந்த சாக்ஸ்காரர் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார், எங்களுக்கும் அது வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அக்கா தன் இருக்கையிலிருந்தே "ஐயோ!" என்று கத்திவிட்டார். இந்த முறை மேலாளரும் எங்களுடன் சேர்ந்து கை தட்டினார், எதற்கென்று தெரியாமலே. அதற்குப் பிறகு விற்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. என் கணவர் அந்த சாக்ஸைத் தூக்கிப்போட விடுவதில்லை.

அந்தப் படம் இன்றும் முதல் படமாகத்தான் இருக்கிறது. வருகிறவர்களெல்லாம் பாதங்களையும் ஏரியையும் பார்க்கிறார்கள். அவர் தூங்கிய அந்த முக்கால் மணி நேரமும் என் இடது கை அவர் நெஞ்சின்மேல் இருந்தது, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு. அது மட்டும் படத்தில் இல்லை.